பப்படப் பகை

என் மகள் பூங்கனியின் கல்யாண விருந்தில் ஜான்ரோஸ் கை நனைக்கக் கூடாது. இது என் தீர்மானம். கல்லில் வெட்டி வைக்க வேண்டிய தீர்மானம். வெட்டினால் அதை வாசித்துக் காட்டச் சொல்வார்கள், எனக்கு அவ்வளவு வாசிப்பு வராது என்பதால் நெஞ்சில் வெட்டி வைத்திருந்தேன்.

ஜான்ரோஸ் வேறு யாரும் இல்லை. என் மனைவி நேசம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். திருவட்டாற்றில் பந்தல் போடுவது தொழில். அவன் எனக்குச் செய்த கொடுமையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் கல்யாணம் முடிந்து அவன் வீட்டில் மறுவீட்டு விருந்து. புது மாப்பிள்ளை நான் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறேன். இடப்பக்கம் புதுப்பெண் நேசம்மாள், முக்காட்டுக்குள் குனிந்த தலை நிமிராமல். வலப்பக்கம் போதகர். இலை போட்டார்கள். சோறு வந்தது. பருப்பு வந்தது. போதகர் ஏதோ கேட்டார். அவர் பக்கம் திரும்பி ரெண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு என் இலையைப் பார்த்தேன்.

பப்படம் இல்லை.

போதகர் இலையில் பப்படம். எதிர் வரிசையில் பப்படம். பந்தலுக்கு வெளியே நின்ற நாய்க்குக்கூட யாரோ பாதிப் பப்படம் போட்டிருந்தார்கள். பருப்புச் சோற்றின் மேல் பப்படத்தை வைத்து உள்ளங்கையால் அமுக்கினால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், எங்கள் பக்கத்தில் அதுதான் விருந்தின் முதல் சத்தம். பந்தி முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. புது மாப்பிள்ளை மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.

பப்படம் விளம்பினது ஜான்ரோஸ்.

"பப்படம் எங்க வேய்?" என்றேன்.

"வச்சேனே" என்றான்.

"வைக்கல்ல."

"வச்சேன்."

இலையை மடக்கினேன். எழுந்தேன். "உம்ம பந்தலில் இனி நான் உண்ண மாட்டேன். எனக்க பந்தலில் நீரு நுழையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பசித்த வயிற்றோடு எங்கள் ஊர் குலசேகரம் வரைக்கும் நடந்தேன். அவளுக்குப் பசிக்கவில்லையாம். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பப்படம் சின்ன விஷயம்தானே என்று சிலபேர் சொன்னார்கள். வைத்த பப்படம் சின்ன விஷயம். வைக்காத பப்படம் பெரிய விஷயம்.

வருஷங்கள் போயின. வெள்ளைக்காரன் போனான். திவான் போனார். எங்கள் தாலுகாவெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்முழுக்கக் கூட்டம் போட்டுச் சத்தம் போட்டார்கள். நானும் போய்ச் சத்தம் போட்டேன். ஆனால் ஜான்ரோஸோடு சேர வேண்டும் என்று எவனாவது சொன்னால் அந்தக் கூட்டத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடுவேன். எல்லை எது என்று சர்க்கார் பிறகுதான் போட்டது. நான் என் வீட்டு வேலியில் எப்போதோ போட்டுவிட்டேன்.

அந்த வேலிக்கு வெளியே அவன் சைக்கிளில் போவான். நிற்க மாட்டான். மணி மட்டும் அடிப்பான். சின்னப்பிள்ளையாக இருந்த பூங்கனி மணிச்சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாள். வேலிக்கம்பில் ஒரு பலகாரப் பொதி தொங்கும். முந்திரிக்கொத்து. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். பிள்ளை தூங்கிய பிறகு ஒன்றிரண்டு எடுத்துத் தின்பேன். பகை வேறு, முந்திரிக்கொத்து வேறு.

இப்போது அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செல்வதாஸ், பள்ளிக்கூட வாத்தியார், சத்தம் போட்டுத் தும்மவும் கூச்சப்படுகிற பையன். எல்லாம் பேசி முடித்தாயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் பூங்கனி எனக்குக் கஞ்சி விளம்பிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, பாலும் பழமும் யாரு தருவா?"

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம். கல்யாணப் பெண் விருந்துக்கு உட்காருமுன் தாய்மாமன் பாலும் பழமும் கையில் எடுத்து ஊட்ட வேண்டும். அதன் பிறகுதான் பெண் இலையில் கை வைப்பாள்.

"பாலுதானே? நான் தாறேன். பழம் கடையிலே குலைகுலையா தொங்குது" என்றேன். நான் குலசேகரம் சந்தையில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கிறவன்.

"மாமா தரண்டாமா?"

"வேண்டாம்."

அழுவாள் என்று பார்த்தேன். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "சரிப்பா" என்றாள். கஞ்சிக்கு உப்பு எடுத்து வைத்தாள். அந்த ஒரு சொல் என் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

ஒரே ஒரு சிக்கல். கல்யாணப் பந்தலுக்கு வாசலே கிடையாது. நாலு பக்கமும் திறந்து கிடக்கும். பகையாளி வந்து நின்றாலும் "வாங்க, இருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். வராதே என்று சொன்னால் ஊர் நம்மைத்தான் துப்பும். ஜான்ரோஸ் வந்து நின்றுவிட்டால்?

இப்படி மண்டையை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் நேசம்மாள் பக்கத்து வீட்டு லீலாபாயோடு வேலியோரம் பேசுவது காதில் விழுந்தது. அவள் ரகசியம் பேசினாலும் சந்தை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு ரகசியமாகவும் பேசவில்லை.

"சந்தைக்குப் பின்னால கார்னிவல் வந்திருக்கே, பாத்தியா லீலா? வாசல்ல ஒரு தடியன் நிக்கான். திவானே வந்தாலும் சீட்டு இல்லாம உள்ள விடமாட்டானாம்!"

"அப்படியா அக்கா?"

"ம். நம்ம வீட்டுப் பந்தலுக்கு அப்படி ஒரு வாசல் வைக்க முடியுமா? வாறவனை வான்னுதானே சொல்லணும்?"

எனக்குள் விளக்கு எரிந்தது. நானாக, சொந்தமாக, என் மூளையால் கண்டுபிடித்தேன்: விருந்தைக் கார்னிவலில் வைப்போம்! ஒரு சாயங்காலத்துக்கு மைதானத்தைப் பேசி எடுப்போம். சீட்டெல்லாம் என் மடியில். சீட்டு இல்லாதவன் உள்ளே வர முடியாது.

நேசம்மாளிடம் சொன்னேன். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அய்யோ! ராட்டினத்துக்கு அடியிலயா கல்யாணச் சோறு? நாலுபேரு சிரிப்பினம்!"

"சிரிக்கட்டும்."

"வேண்டாம், கேட்டியளா. எனக்க சொல்லைக் கேளுங்க."

"முடியாது."

"இன்னும் ஒருதரம் யோசிச்சுப் பாருங்க."

அவள் தடுக்கத் தடுக்க எனக்கு உறுதி ஏறியது. அவள் ரொம்ப நேரம் தடுத்தாள். உறுதி ரொம்ப ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் கார்னிவல் மேனேஜரைப் பார்த்தேன். இஞ்ஞாசி என்று பெயர். கடற்கரைக்காரன். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"கல்யாண விருந்து வைக்கணும்..."

"வியாழக்கிழமை சாயங்காலம்தானே? ஆகட்டும்!" என்றான்.

நான் கிழமையைச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

வாசல் தடியனுக்கு அடையாளமும் சொல்லி வைத்தேன். "வழுக்கைத் தலை. முறுக்கின மீசை. கைவசம் ஒரு சைக்கிள். பேரு ஜான்ரோஸ். விடவே கூடாது." அந்தத் தடியன் எதற்கோ இருமினான். சளியாக இருக்கும் என்று நினைத்தேன்.

போதகருக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். வளையம் எறிந்து சோப்பு ஜெயிக்கிற கடையைப் படுதா போட்டு மூடிவிட்டால் வருகிறேன் என்றார். மூடினோம்.

வியாழக்கிழமை காலை வேதக்கோவிலில் கல்யாணம். வெள்ளைப் பட்டுச் சேலை, தலையில் வலை முக்காடு, கையில் பூச்செண்டு. என் பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே ஒரு குறை. அவள் அடிக்கடி திரும்பி வாசலைப் பார்த்தாள். மாப்பிள்ளை வருவதைப் பார்க்கிறாள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் கார்னிவல். வண்ண வண்ணத் துணி சுற்றின பெரிய வாசல். உள்ளே நீளமாகப் பந்தல். பேண்டு வாத்தியம். எங்கள் ஊரில் அதுவரைக்கும் எந்தக் கல்யாணப் பெண்ணும் பார்க்காத விருந்து. சிரிப்புக் கண்ணாடிக் கூடாரத்துக்குள் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடியில் பூங்கனி நெல்லுக் குதிர் மாதிரி தெரிந்தாள். செல்வதாஸ் முருங்கைக்காய் மாதிரி தெரிந்தார். அன்றைக்கு முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த கண்ணாடியில் நான் நின்றேன். தலை பூசணிக்காய், கால் சுள்ளி.

"இது நல்ல கண்ணாடி. உள்ளது உள்ளபடி காட்டுது" என்றாள் நேசம்மாள்.

பிறகு மரக்குதிரை. பட்டுச்சேலையோடு பக்கவாட்டில் உட்கார்ந்து பூங்கனி சுற்றினாள். முக்காட்டு வலை பின்னால் பறந்தது. ஒவ்வொரு சுற்றிலும் எங்களைத் தாண்டும்போது கையசைத்தாள். செல்வதாஸ் அடுத்த குதிரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் கைதட்டினார்கள். லீலாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது.

ஜான்ரோஸ் வரவில்லை. வாசலில் தடியன் அசையாமல் நின்றான். ஜெயித்துவிட்டேன்.

"அப்பா" என்று பூங்கனி என் கையைப் பிடித்தாள். "எனக்கு அந்தப் பெரிய ராட்டினத்துல ஏறணும். அவுகளுக்குத் தலை சுத்துதாம். நீங்க வருவியளா?"

ராட்டினம் என்றால் பனை உயரம். நாலு பக்கமும் மரப்பெட்டி தொங்கும். ஆட்கள் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். எனக்கு வாழைக்குலை வெட்ட ஏணியில் ஏறினாலே உள்ளங்கால் கூசும். ஆனால் கல்யாணப் பெண் கேட்டால் என்ன சொல்வது?

"நீங்க முதல்ல ஏறி இருங்க. எனக்குச் சேலையை ஒதுக்கணும்" என்றாள்.

ஏறினேன். எதிர்ப்பலகையில் யாரோ ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரராக இருக்கும், பயந்த குடும்பம் போல என்று நினைத்தேன். இரும்புக் கம்பி டங்கென்று விழுந்து பெட்டி பூட்டிக்கொண்டது. பூங்கனி ஏறவில்லை. கீழே நின்று கையசைத்தாள். ராட்டினம் கிளம்பியது.

மேலே போனோம். சந்தை கீழே போனது. ரப்பர் தோட்டம் கீழே போனது. கோவில் கோபுரமும் கீழே போனது. உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது. எதிரே இருந்த ஆள் துண்டை எடுத்தார்.

வழுக்கைத் தலை. முறுக்கின மீசை.

"காலை ஒதுக்கி வையும் ஓய். மிதிக்கிறீரு" என்றான் ஜான்ரோஸ்.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீரு எப்படி உள்ள வந்தீரு? வாசல்ல ஆளு நிக்கானே!"

"அந்த வாசலைக் கட்டினதே நான்தான் ஓய். பந்தல், வாசல், படுதா எல்லாம் எனக்க வேலை. கார்னிவல் வந்த நாளில இருந்து நான் உள்ளதான் கெடக்கேன்."

"இது சதி! விருந்தை இங்க வைக்கிறது எனக்க யோசனை!"

"ஆமா. உமக்கு இந்த யோசனை வரும்னு நேசம்மா ரெண்டு மாசம் முந்தியே எனக்கிட்ட சொல்லிட்டா."

எனக்குத் தலை சுற்றியது. ராட்டினம் நின்றுகொண்டிருந்தது, தலைதான் சுற்றியது. கீழே எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

"நேசம்மா! இறக்கச் சொல்லு!"

"கேக்கல்ல! பேண்டு சத்தமா இருக்கு!" என்று கீழேயிருந்து பதில் வந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் அப்போது வரிசையாக நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோபத்தில் எழுந்து நின்றேன். பெட்டி ஆடியது. நாங்கள் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனோம் என்று கீழே நின்றவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய். பெட்டி ஆடியது. பிடிக்க வேறு ஒன்றும் இல்லை.

"இரும் ஓய், இரும். விழுந்து தொலைக்காதேயும்" என்று அவன் என்னை இழுத்துப் பலகையில் உட்கார வைத்தான்.

"நீரு எனக்கு ஏன் பப்படம் வைக்கல்ல?"

"வச்சேன்."

"வைக்கல்ல."

"கர்த்தர் மேல ஆணையாட்டு வச்சேன் ஓய்! பெரிய பப்படம். உம்ம இலைக்குத்தான் முதல்ல வச்சேன். வச்ச பப்படத்தை வைக்கல்லன்னு சொல்லிட்டுப் புது மாப்பிள்ளை இலையை மடக்கினா எனக்க மொகத்தை நான் எங்க கொண்டு வைக்க? இன்னைக்கும் பந்தியில பப்படத் தட்டை எடுத்தா கை நடுங்குது."

 அவன் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தப் பிள்ளைக்கு நான் மணி மட்டும்தான் அடிச்சிருக்கேன்" என்றான். "ஒருநாளும் சைக்கிளை நிப்பாட்டினது இல்ல. நிப்பாட்டினா நீரு வெட்டுக்கத்தியோட வருவீரு. இன்னைக்கு ஒருநாள் நிக்க விடும் ஓய். பாலும் பழமும் குடுத்துட்டுப் போயிடுதேன். சோறு வேண்டாம்."

அப்போதுதான் கீழேயிருந்து பூங்கனியின் குரல் வந்தது. கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா! மாமா! நேத்து ராத்திரி கஞ்சி குடிச்சது. காலையில இருந்து ஒருத்தரும் எனக்கு ஒண்ணும் தரல்ல. பசிக்கி! சீக்கிரம் பேசி முடிச்சிட்டு வாங்க!"

அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கல்யாணப் பெண் ஒரு வெள்ளைப் பூவளவு தெரிந்தாள். முகத்தை மேலே நிமிர்த்தி நின்றாள். காலையில் கோவில் வாசலைப் பார்த்த அதே பார்வை. அவள் தேடின ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.



"முந்திரிக்கொத்தில..." என்றேன்.

"என்ன?"

"முந்திரிக்கொத்தில கருப்பட்டி கொஞ்சம் கூடுதல். அடுத்த தடவை குறைச்சுப் போடச் சொல்லும்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்ததில் பெட்டி ஆடியது. மறுபடியும் பிடிக்க வேறு ஒன்றும் இல்லை.

ஒரு சங்கடம் பாக்கி. "உம்ம பந்தலில் உண்ண மாட்டேன்னு நான் சொல்லியிருக்கேனே?" என்றேன்.

"கார்னிவல் கிளம்புற வரைக்கும் அது இஞ்ஞாசிக்க பந்தல்."

"அப்படீன்னா எனக்க பந்தலும் இல்ல?"

"இல்ல."

"அப்ப நீரும் உண்ணலாம். சட்டப்படி சரிதான்."

இரண்டு பேரும் சேர்ந்து கீழே பார்த்து "இறக்கு!" என்று கத்தினோம். இந்தத் தடவை நேசம்மாளுக்கு நன்றாகக் கேட்டது.

கையில் பால் கிண்ணமும் மட்டிப்பழமும் வாங்கிக்கொண்டு ஜான்ரோஸ் பூங்கனியின் முன்னால் நின்றான்.  பால் சிந்திப் பட்டுச்சேலையில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. மாமனின் நடுங்குகிற கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தாள். காலையிலிருந்து அழாத பிள்ளை அப்போது அழுதாள். பழத்தையும் கண்ணீரையும் ஒன்றாக விழுங்கினாள். நான் வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த மைதானத்தில் தூசி ரொம்ப.

பந்தி உட்கார்ந்தது. எனக்கு இடப்பக்கம் நேசம்மாள். எதிரே பூங்கனியும் செல்வதாஸும், அந்தப் பக்கம் போதகர். ஜான்ரோஸ் பப்படத் தட்டோடு நேராக என்னிடம் வந்தான். பெரிய பப்படமாகப் பார்த்து எடுத்தான். தலைக்குமேல் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

"நல்லா பாத்துக்கிடுங்க மக்களே! எனக்க மச்சானுக்கு வைக்கேன்! வச்சாச்சு!"

ஊரே கைதட்டியது. நான் பெரிய மனுஷத்தனமாகத் தலையசைத்தேன். பருப்பு வருவதற்காகக் காத்திருந்தபோது எதிரே பார்த்தேன்.

போதகர் செல்வதாஸிடம் ஏதோ கேட்டார். செல்வதாஸ் மரியாதையாகத் திரும்பிப் பதில் சொன்னார். அந்த நேரத்தில் பூங்கனியின் வளையல் கை மெதுவாக நகர்ந்தது. மாப்பிள்ளை இலையிலிருந்த பப்படம் எழுந்து வலை முக்காட்டுக்குள் போனது. நொறுக்கென்று சின்னச் சத்தம். செல்வதாஸ் திரும்பினார். இலையைப் பார்த்தார். பக்கத்து இலைகளைப் பார்த்தார். பாவம், குழம்பினார். பூங்கனி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், கல்யாணப் பெண்ணுக்குரிய அடக்கத்தோடு.

"ஏட்டி, நேசம்மா! பாத்தியா உனக்க மக செய்த வேலையை?"

"பசிச்சிருக்கும்" என்றாள் நேசம்மாள். "விடியங்காட்டியும் குளிக்க வச்சு, சேலையில சுத்தி, ஒரு வாய் தண்ணி தராம நாள்முழுக்க நிக்க வச்சா அவ என்ன செய்வா? கைக்கு எட்டினதைத் தின்பா. அன்னைக்கு நானும்..."

நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கு நீயும்?"

அவள் ராட்டினத்தைப் பார்த்தாள். முன்பின் ராட்டினத்தையே பார்த்திராதவள் மாதிரி பார்த்தாள்.

"நேசம்மா, அன்னைக்கு நீயும்?"

"சொல்லலாம்னுதான் நினைச்சேன்" என்றாள் மெதுவாக. "அதுக்குள்ள நீங்க இலையை மடக்கியாச்சு. அண்ணன் சத்தம் போட்டாச்சு. பப்படம் எனக்க வாயிலதான் இருக்குன்னு புதுப்பொண்ணு எழும்பி நின்னு சொல்ல முடியுமா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நாள் போயிட்டு. அதான் இன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சாச்சே. இனி என்ன?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? மச்சான்மேல் பட முடியாது. அவன் வைத்திருக்கிறான். மகள்மேல் பட முடியாது. அவளுக்குப் பசி. பொண்டாட்டிமேல் படலாம். ஆனால் அவள் இல்லாமல் எந்த வழியாக வீட்டுக்குப் போவது என்றே எனக்குத் தெரியாது. இலையை மடக்கிக்கொண்டு எழுந்துவிடலாமா? பழைய மாதிரி நடக்கக் காலில் பலம் இல்லை.

சரி, முதலில் தின்போம், கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். பருப்பு வந்தது. நெய் வந்தது. பந்தி முழுக்க நொறுக்கு நொறுக்கென்று அந்த இன்பமான சத்தம் எழுந்தது. நானும் உள்ளங்கையை விரித்து இலையில் வைத்தேன்.

பப்படம் இல்லை.